காந்தம் திருப்பிய ஒளியும் இரண்டு கலைச்சொற்களும்

ஒரு கலைச்சொல் நல்லதா அன்றா என்று ஆராயும்போது தமிழறிஞர் பெரும்பாலும் மூன்று கேள்விகளையே கேட்பர். வேர்ச்சொல் தமிழா? புணர்ச்சி சரியா? ஓசை நாவுக்கு இசைகிறதா? மூன்றும் வேண்டிய கேள்விகளே. 1916-ஆம் ஆண்டில் சேலத்தில் கலைச்சொல்லாக்கத்துக்கென ஒரு கழகம் அமைந்த காலந்தொட்டு இன்றுவரை நடந்துள்ள வாதங்களில் பெரும்பகுதி இம்மூன்றையே சுற்றி நடந்திருக்கிறது. நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்பவர் சிலரே. அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அறிவியற் சோதனையைத் தொடக்கம் முதல் விளக்கம் வரை இடறாமல் சொல்லி முடிக்க இயலுமா என்பதே அது.

இக்கேள்வியைக் கேட்பதற்கு மிகவும் ஏற்ற இணை ஒன்று இருக்கிறது. ஒளியலைகளின் அதிர்வு ஒரே திசையில் ஒழுங்குபடுவதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'தளவிளைவு' என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'முனைவாக்கம்' என்கின்றன. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர். சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நூல் தருவித்துப் படிக்கும் மலேசியத் தமிழாசிரியருக்கு இது வெறும் சொல்வேற்றுமையாக இருப்பதில்லை. செபராங் ஜெயாவில் ஓர் ஆசிரியர் மாணவர் மன்றத்துக்காக அறிவியற் கட்டுரை எழுதப் புகுந்தால், எச்சொல்லைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும். 'இரண்டும் ஒன்றுதான், எதையும் எழுதலாம்' என்பது எளிய விடை. அது சரியான விடையாகுமா என்பதை ஒரு கண்ணாடித் துண்டைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் பொருளைச் சொல்வோம். விளக்கிலிருந்து வரும் ஒளியின் அதிர்வு, ஒளி செல்லும் வழிக்குக் குறுக்காக எல்லாத் திசைகளிலும் கலந்து நிகழ்கிறது. போலராய்டு என்னும் தகட்டினூடே அதைச் செலுத்தினால் ஒரு திசை அதிர்வு மட்டும் வெளிவரும். இரண்டாவது தகடு ஒன்றை எதிரே பிடித்து மெல்லத் திருப்பினால் ஒளி மங்கிக்கொண்டே வந்து, இரு தகடுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகும்போது அறவே இருண்டுவிடும். பெயர்களின் வழக்கு இன்னும் தீராமையால், ஒரே திசையில் அதிரும் இவ்வொளியை இங்கே 'ஒருதிசை ஒளி' என்றே குறிப்போம்.

1845-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் இலண்டனில் மைக்கேல் பாரடே செய்த சோதனை இவ்விருண்ட நிலையிலிருந்துதான் தொடங்குகிறது. ஒளிக்கும் மின்னுக்கும் உறவு இருந்தே தீரும் என்னும் நம்பிக்கை அவருக்கு நெடுநாளாக இருந்தது. மின்விசையைக் கொண்டு செய்த முயற்சிகள் பலமுறை பயனின்றிப் போயின. அன்று காந்தத்தை எடுத்துக்கொண்டார். காற்றிலும் வேறு சில பொருள்களிலும் பார்த்தார், ஒன்றும் நிகழவில்லை. பிறகு, தம்மிடம் பழைய பொருளாகக் கிடந்த ஒரு கண்ணாடித் துண்டை வைத்தார். ஏறத்தாழ இரண்டு அங்குலச் சதுரமும் அரை அங்குலக் கனமும் உள்ள துண்டு அது. ஈயம், போரிக் அமிலம், சிலிக்கா ஆகியவை சேர்ந்த கனத்த கண்ணாடி. தொலைநோக்கிகளுக்கு நல்ல கண்ணாடி செய்வதற்கென 1820-களின் பிற்பகுதியில் அவர் ஆண்டுக்கணக்கில் உலைக்களத்தில் பாடுபட்டதில் மிஞ்சியது. அம்முயற்சியால் தொலைநோக்கித் தொழிலுக்குப் பெரும்பயன் விளையவில்லை என்பர். ஆனால் மின்காந்தத்தை முடுக்கியவுடன், இருண்டிருந்த பார்வையில் விளக்கின் உருவம் தோன்றியது. மின்னோட்டத்தை நிறுத்தியவுடன் மறைந்தது. கண்ணாடிக்குள் சென்ற ஒருதிசை ஒளி சற்றே திரும்பி வெளிவந்தது என்பதே இதன் பொருள்.

பாரடே கண்டது திருப்பம். அதற்கு அளவு கண்டவர் பிரெஞ்சு நாட்டு எமீல் வெர்டே. 1854 முதல் அவர் நடத்திய அளவீடுகளால், திருப்பக் கோணமானது ஒளி செல்லும் வழியின் நெளிவற்ற நீளத்துக்கும், அவ்வழியே அமைந்த காந்தப்புலத்தின் வலிமைக்கும் நேர்விகிதத்தில் இருப்பது உறுதியாயிற்று. ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய விகித எண்ணை இன்று வெர்டே மாறிலி என்கிறோம்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதை அளக்கும் முறை கடினமானதன்று. ஈயம் மிகுந்த ஒளியியற் கண்ணாடிக் கோல் ஒன்று 10 செண்டிமீட்டர் நீளத்தில் வேண்டும். அதைச் சுற்றிக் கம்பிச்சுருள் வேண்டும். சிவப்பு லேசர் ஒளியை ஒரு தகட்டின் வழியே கோலுக்குள் செலுத்தி, மறுபுறத்தில் இரண்டாவது தகட்டையும் ஒளியளக்கும் மின்கலத்தையும் வைக்க வேண்டும். இத்தகைய கனத்த கண்ணாடிக்குச் சிவப்பொளியில் வெர்டே மாறிலி, ஒரு டெஸ்லா புலத்தில் ஒரு மீட்டருக்கு 20 ரேடியன் என்னும் அளவில் இருக்கும். பாகையில் சொன்னால் ஏறத்தாழ 1,150. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும் இவ்வெண், சுருளின் புலம் 0.03 டெஸ்லாவும் கோலின் நீளம் 10 செண்டிமீட்டரும் ஆகும்போது மூன்றரைப் பாகைக்கும் சற்றுக் குறைந்த திருப்பத்தையே தருகிறது. அதே இடத்தில் தண்ணீரை வைத்தால் ஒரு பாகைகூடத் தேறாது.

இச்சிறு கோணத்தை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. தகடுகள் இரண்டும் செங்குத்தாக நின்று இருண்ட நிலையில், மூன்றரைப் பாகைத் திருப்பம் முழு ஒளியில் நூற்றுக்கு அரைப்பங்கைக்கூட வெளிவிடாது. பாரடேயின் கண்போன்ற பழகிய கண்ணுக்கு அது போதும். இருளில் எழும் சிறு வெளிச்சத்தை மனிதக்கண் எளிதில் உணரும். கருவிக்கோ வேறு நிலை நல்லது. இரண்டாவது தகட்டை 45 பாகையில் நிறுத்தினால் பாதி ஒளி எப்போதும் வந்துகொண்டிருக்கும். அதே திருப்பம் அந்தப் பாதியை நூற்றுக்கு 50-லிருந்து 56-ஆக உயர்த்திவிடும். மின்னோட்டத்தைத் திசைமாற்றினால் 44-ஆகத் தாழும். இரண்டின் வேறுபாட்டை எடுத்தால் சுருளோடு தொடர்பில்லாத பிழைகள் பலவும் கழிந்துபோகும். கண்ணாடி நன்கு பதப்படுத்தி ஆறவிடப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது; உள்ளிறுக்கம் உள்ள கண்ணாடி காந்தமின்றியே ஒளியைக் கெடுக்கும். லேசரை விட்டு வெள்ளொளியை வைத்தால் இன்னொரு காட்சி கிடைக்கும்: நீலம் அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் திரும்புவதால், எப்படித் திருப்பினாலும் முழுஇருள் வாராது, நிறங்களே மாறிமாறித் தோன்றும்.

சோதனை இவ்வளவே. இனிச் சொற்களை இதன் எதிரே நிறுத்தலாம்.

'முனைவாக்கம்' என்ற சொல்லில் 'முனை' நிற்கிறது. காந்தத்துக்கு வடமுனை, தென்முனை என்று படித்த மாணவனிடம், 'முனைவாக்கிய ஒளியைக் காந்தம் திருப்புகிறது' என்று சொன்னால் அவன் என்ன எண்ணுவான்? ஒளிக்கும் இரு முனைகள் உள்ளன, காந்தம் அவற்றை இழுத்துத் திருப்புகிறது, திசைகாட்டியின் ஊசி திரும்புவதுபோல ஒளியும் திரும்புகிறது என்றே எண்ணுவான். இவ்வெண்ணம் முற்றிலும் பிழையானது. ஆனால் அப்பிழை தமிழில் பிறந்ததன்று. பிரெஞ்சு அறிஞர் மாலுஸ் 1808-இல் எதிரொளித்த ஒளியின் இத்தன்மையைக் கண்டு, 1811-இல் அதற்குப் பெயரிட்டபோது, ஒளித்துகள்களுக்குக் காந்தம்போல் முனைகள் உண்டு என்ற கருத்திலேயே பெயரிட்டார். கருத்து சில ஆண்டுகளில் மடிந்தது; பெயர் நிலைத்தது. இலங்கைத் தமிழர் அந்தப் பெயரை உள்ளவாறே தமிழாக்கினர். பிழையும் உடன் வந்தது. போதாக்குறைக்குப் பாரடேயே தம் ஆய்வுரைக்கு, ஒளியைக் காந்தமாக்குதல், காந்த விசைக்கோடுகளை ஒளிரச்செய்தல் என்ற பொருளில் தலைப்பிட்டு, பின்னர் அத்தலைப்புக்கே விளக்கம் எழுத நேர்ந்தது. பெரியோரையும் சொல் படுத்தும் பாடு இது.

'தளவிளைவு' என்ற சொல்லோ தெளிவாகத் தொடங்குகிறது. அதிர்வு ஒரு தளத்தில் அடங்குகிறது, அதனால் தளவிளைவு. காந்தமுனை பற்றிய மயக்கம் எதுவும் இல்லை. மின்கடத்தாப் பொருளில் மின்னூட்டங்கள் விலகி நிற்பதை மட்டும் முனைவாக்கம் என்று சொல்லி, ஒளிக்கு வேறு சொல் வைத்ததால், ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கும் இரு பொருள்களைத் தமிழ் பிரித்துக் காட்டுகிறது. இதை ஆக்கியோரின் கூர்மை போற்றத்தக்கது. மேலே சொன்ன அளவீட்டை இச்சொல்லைக் கொண்டு எழுதினால் ஓரிடத்திலும் தடை நேராது: தளவிளைவுற்ற ஒளி கண்ணாடிக்குள் செல்கிறது, அதன் தளம் மூன்றரைப் பாகை திரும்புகிறது, முடிந்தது.

இதுவரை தமிழ்நாட்டுச் சொல்லே வெல்கிறது. ஆனால் அளந்து முடித்த மாணவன் அடுத்து ஒன்று கேட்பான்: ஏன் திரும்புகிறது?

இதற்கு விடை 1820-களில் பிரெனெல் வேறொரு பொருளுக்காகக் கண்ட வழியில் இருக்கிறது. ஒரு திசையில் அதிரும் ஒளியை, வட்டமாகச் சுழலும் இரண்டு ஒளிகளின் சேர்க்கையாகக் கொள்ளலாம்; ஒன்று வலமாகச் சுழலும், மற்றது இடமாகச் சுழலும். இரண்டும் ஒரே விரைவில் சென்றால் அவற்றின் கூட்டுத்திசை மாறாது. காந்தப்புலத்தில் உள்ள கண்ணாடி இவ்விரண்டையும் ஒரே விரைவில் விடுவதில்லை. ஒன்று இம்மியளவு முந்துகிறது. கூட்டுத்திசை அதனால் சாய்கிறது. அந்த இம்மியும் எவ்வளவு? மேற்சொன்ன கனத்த கண்ணாடியில், ஒரு டெஸ்லா புலத்தில்கூட, இரு ஒளிகளின் விலகல் எண்கள் பத்து இலட்சத்தில் நான்கு பங்களவே வேறுபடுகின்றன. சுருளின் 0.03 டெஸ்லாவில் கோடியில் ஒன்றைச் சற்றே கடந்த வேறுபாடுதான். அதையும் பள்ளிக்கூடத்து மேசைமேல் கண்ணால் காணச் செய்வதே இச்சோதனையின் பெருமை.

வட்டமாகச் சுழலும் இவ்வொளிகளுக்குத் தமிழ்நாட்டு வழக்கில் என்ன பெயர் சொல்வது? 'வட்டத் தளவிளைவு' என்றுதான் சொல்ல வேண்டி வருகிறது. அதிர்வு ஒரு தளத்திலும் அடங்காமல் சுற்றிவருவதே வட்ட ஒளியின் இயல்பு. அதன் பெயரிலேயே தளம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீள்வட்டத்துக்கும் இதே கதி. தளத்தில் அடங்கிய வகையை மட்டும் பிரித்துச் சொல்லப் புகுந்தாலோ 'தளத் தளவிளைவு' என்று இரட்டிக்க வேண்டும். வகையில் ஒன்றின் இயல்பை எடுத்து இனத்துக்கே பெயராக வைத்ததன் பயன் இது. மல்லிகையின் மணத்தைக் கண்டு எல்லாப் பூவுக்கும் 'மல்லி' என்று பெயரிட்டுவிட்டு, பிறகு தாமரையைத் 'தாமரை மல்லி' என்று அழைப்பது போன்றது. 'வட்ட முனைவாக்கம்' என்று எழுதிப் பார்த்தால் இந்த முரண் எழவில்லை. முனை என்ற சொல் அங்கே பொருளிழந்து, இடுகுறிபோல் நிற்கிறது. அதனால் வட்டத்தோடும் நீள்வட்டத்தோடும் சண்டையிடாமல் இருக்கிறது.

விளக்கம் மாணவர்க்கு எட்டாத மேற்படிப்பு, பெயருக்கு அது முட்டுப்பட்டால் என்ன என்று கேட்போரும் இருக்கலாம். விளக்கம் வேண்டாமென்றால் அளவீடும் வெறும் வித்தையாகிவிடும். இத்துறையில் தமிழர் செய்த வேலையைப் பார்த்தால் இது விளங்கும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், கே. எஸ். கிருஷ்ணனுடன் 1920-களிலேயே காந்தப்புலத்தில் நீர்மங்கள் ஒளியை எவ்வாறு மாற்றுகின்றன என்று ஆராய்ந்தவர். அவருடைய மருமகன்முறை உறவினரான எஸ். இராமசேஷன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இராமனிடம் ஆய்வு மாணவராக இருந்து, 1946-இல் வைரத்தில் நிகழும் பாரடே திருப்பம் பற்றியும், சில கண்ணாடிகளின் காந்தவொளி முரண்பாடு பற்றியும் கட்டுரைகள் வெளியிட்டார்.

'காந்தவொளி முரண்பாடு' என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. 1897-இல் ஹென்றி பெக்கரெல் ஒரு வாய்பாடு கண்டார். நிறத்துக்கு நிறம் கண்ணாடியின் விலகல் எண் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று தெரிந்தால், எலெக்ட்ரானின் மின்னூட்டத்தையும் நிறையையும் கொண்டு, காந்தத் திருப்பம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுவிடலாம். ஆனால் அளந்து பார்த்தால் கண்ணாடிகளில் கணக்கைவிடக் குறைந்த திருப்பமே கிடைக்கிறது. அளந்ததைக் கணக்கிட்டதால் வகுத்து வரும் எண்ணே அந்த முரண்பாடு. அணுக்கள் தனித்தனி அயனிகளாக நிற்கும் உப்புப் பளிங்குகளில் அது ஒன்றை நெருங்குகிறது; அணுக்கள் எலெக்ட்ரான்களைப் பங்கிட்டு இறுகப் பிணைந்திருக்கும் வைரத்தில் 0.28 அளவுக்கு இறங்கிவிடுகிறது; கண்ணாடிகள் இடையில் நிற்கின்றன. ஆகவே ஒரு தகட்டைத் திருப்பிக் கோணம் அளந்தவர், முடிவில் அணுக்களின் பிணைப்பைப் பற்றியே பேசுகிறார். 1961-இல் ஜெர்மானிய இயற்பியற் களஞ்சியத்தில், ஜி. என். இராமச்சந்திரனும் இராமசேஷனும் சேர்ந்து எழுதிய பளிங்கொளியியல் பகுதி, இத்துறையில் உலகெங்கும் எடுத்தாளப்பட்ட நூலாயிற்று. வட்ட ஒளியைப் பற்றிப் பேசாமல் இதில் ஒரு பக்கமும் நகராது. தளத்தோடு நின்றுவிடும் தமிழில் இராமசேஷனின் ஆய்வை எழுத முடியாது; எழுதினால் பக்கந்தோறும் 'வட்டத் தளவிளைவு' என்று முரணிக்கொண்டே செல்ல வேண்டும்.

மலேசியத் தமிழ் மாணவனின் நிலையையும் இங்கே எண்ண வேண்டும். தமிழ்ப்பள்ளிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அதன்பின் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் அவனுக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ வருகிறது. மலாய்க் கலைச்சொல் 'பெங்ஙுத்துபான்' என்பது. 'குத்துப்' என்றால் முனை, துருவம். அரபுமொழியிலிருந்து வந்த அச்சொல்லைக் 'குத்பு' என்ற வடிவில் பினாங்குத் தமிழ் முஸ்லிம்கள் நன்கு அறிவர். மலாய்க்காரரும் மாலுஸின் பிழையை உள்ளவாறே ஏற்றுக்கொண்டனர் என்பது இதனால் விளங்குகிறது. செபராங் ஜெயாவில் மலாய்ப் பாடநூலைப் படிக்கும் மாணவன், தமிழில் அதே செய்தியைப் படிக்கும்போது 'முனைவாக்கம்' என்ற சொல் கண்டால், இரண்டும் ஒன்று என்று பிறர் சொல்லாமலே அறிந்துகொள்வான். 'தளவிளைவு' என்ற சொல் அவனுக்கு அந்த உதவியைச் செய்யாது.

இவற்றையெல்லாம் எடைபோட்டால் 'முனைவாக்கம்' என்ற சொல்லே கொள்ளத்தக்கது. அதன் பிழை பெரிதுதான். ஆனால் அதை ஒரே சோதனையால் களைந்துவிடலாம். சுருளுக்குள் இருக்கும் கண்ணாடிக் கோலை எடுத்துவிட்டு, அதே ஒளியை, அதே காந்தப்புலத்தின் வழியே வெறுங்காற்றில் செலுத்திக் காட்டினால் போதும். ஒளிக்கு முனையிருந்து காந்தம் அதைத் திருப்புமானால் காற்றிலும் திருப்ப வேண்டுமே! மேசைமேல் உள்ள கருவியில் ஒன்றும் புலப்படாது. காற்றின் திருப்பம் அத்துணைச் சிறியது. வெற்றிடத்தில் அதுவும் இல்லை. திருப்புவது கண்ணாடியில் உள்ள எலெக்ட்ரான்கள் என்பது மாணவனுக்கு அப்போதே புலனாகும். சொல்லில் உள்ள முனை அவனை மீண்டும் ஏமாற்றாது. 'தளவிளைவு' தரும் முரணுக்கு இப்படி ஒரு சோதனையைக் காட்டித் தீர்வு சொல்ல வழியில்லை.

திருப்பத்தைக் குறிக்கும் சொல்லிலும் கவனம் வேண்டும். 'காந்தம் ஒளியைச் சுழற்றுகிறது' என்று எழுதுவோர் உண்டு. சுழற்சி என்றால் பம்பரம்போல் நிற்காமல் சுற்றுவது என்றே பொருள்படும். இங்கே அதிர்வுத்திசை ஒரு கோணம் சாய்ந்து, அச்சாய்வோடு வெளிவந்துவிடுகிறது. ஆகவே 'திருப்பம்' என்பதே தகும். 'சுழற்சி'யை வட்ட ஒளிகளுக்கு விட்டுவிடலாம், அவை உண்மையாகவே சுழல்கின்றன. 'கண்ணாடி' என்ற சொல்லும் சிறிது தொல்லை தரும்: தமிழில் முகம்பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, ஒளி ஊடுருவும் பொருளும் கண்ணாடி. ஒளியை முன்னும் பின்னும் பலமுறை எதிரொளிக்கச் செய்து திருப்பத்தைப் பெருக்கிய பாரடேயின் பிந்தைய சோதனையை எழுதும்போது, எதிரொளிப்பதை 'ஆடி' என்று பிரித்தெழுதுவதே நல்லது.

அந்தச் சோதனையில்தான் கடைசி இடர் ஒன்று காத்திருக்கிறது. சர்க்கரைக் கரைசலும் ஒருதிசை ஒளியைத் திருப்பும். ஆனால் ஆடியில் பட்டுத் திரும்பி வரும் ஒளி, சென்ற வழியே மீளும்போது, பெற்ற திருப்பத்தை இழந்துவிடும். காந்தப்புலக் கண்ணாடியிலோ திருப்பம் இரட்டிக்கிறது. ஒளியை ஒரு பக்கம் மட்டும் விட்டு மறுபக்கம் தடுக்கும் ஒருவழிக் கருவிகள், லேசர்களைக் காக்க இன்று பயன்படுவது இந்த இயல்பால்தான். முதலில் 45 பாகை, மீளும்போது இன்னொரு 45 பாகை, இரண்டும் கூடி 90 ஆனவுடன் தகடு ஒளியை மறித்துவிடுகிறது. சர்க்கரைக்கு 'வலஞ்சுழி', 'இடஞ்சுழி' என்று தமிழில் எழுதுவது பொருந்தும். ஒளி வரும் திசையை நோக்கி நிற்பவரின் வலமும் இடமும் அங்கே மாறுவதில்லை. காந்தத் திருப்பத்தில், எதிரே நின்று பார்ப்பவருக்கு வலமாகத் தோன்றுவது, ஒளி மீளும் பக்கம் போய் நின்று பார்ப்பவருக்கு இடமாகத் தோன்றும். ஆகவே இதற்கு வலம், இடம் என்ற பெயர்களை வைக்காமல், சுருளில் மின்னோட்டம் எப்பக்கம் சுற்றுகிறதோ அப்பக்கத் திருப்பம், அதற்கு எதிர்ப்பக்கத் திருப்பம் என்றே எழுத வேண்டும். கனத்த கண்ணாடியில் திருப்பம் மின்னோட்டத்தின் பக்கமாகவே நிகழும்; டெர்பியம் கலந்த சில பளிங்குகளில் எதிர்ப்பக்கமாக நிகழும்.